முழங்காலுக்குக் கீழே ஒரு விரல்: உஸ்தாத் தம்பிகளுக்குத் திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

வணக்கம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கும் வெலிங்டனிலும் மற்ற ராணுவப் பயிற்சி மையங்களிலும் இன்று ரங்ரூட் பையன்களை, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களை, நிறுத்திவைத்து 'சாவதான்' (நேராக நில்) சொல்லிக்கொண்டிருக்கும் உஸ்தாத்களுக்கு, பயிற்சி கொடுக்கும் நாயக்குகளுக்கும் ஹவில்தார்களுக்கும், இதை எழுதுகிறேன். நானும் அந்த வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் குடியிருக்கிறேன். பனி விலகாத காலையில் வெலிங்டன் பஜார் பக்கம் நடக்கும்போது பூட்ஸ்கள் ஒன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். ஒரு கால் பிந்தினால் இன்றைக்கும் என் காது கண்டுபிடித்துவிடும்.

ஆனால் ஏன் பிந்தியது என்று கேட்கும் பழக்கம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

பல வருடங்களுக்கு முன், நான் இருந்த ஒரு மையத்தில், என் ஸ்குவாடில் (பயிற்சிக் குழுவில்) தருமபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன். ஐந்தாவது வாரம். பி.டி. (உடற்பயிற்சி) முடிந்து நின்றவன், "சார், காலு வலிக்குதுங்க" என்றான். நானும் தமிழன்தான், சொன்னது புரிந்தது. இருந்தாலும் ஸ்குவாட் முன்னால் இறங்கிப் போகக் கூடாது என்று, "ஹிந்தியில் சொல்" என்றேன். அவனுக்கு அப்போது தெரிந்த ஹிந்தியெல்லாம் டிரில் கட்டளைகளும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவதும்தான். பேசாமல் முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பில், ஒரே இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். "பஹானா மத் கரோ", சாக்குச் சொல்லாதே, என்று சொல்லி வரிசையில் சேர்த்துவிட்டேன்.

அவன் மறுபடி கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது நாள் ஓடினான். பத்தாம் நாள் ஓட்டத்தில் எலும்பு முறிந்தது. கடைசியில் மெடிக்கல் போர்டு, உடல்தகுதியைப் பார்க்கும் ராணுவ டாக்டர்கள் குழு, அவனை வீட்டுக்கு அனுப்பியது. அழைத்துப்போக வந்த அவன் அப்பா என்னிடம், "பையன் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டானுங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம்தான் எம்.ஐ. ரூம் (மையத்து மருத்துவ அறை) டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டேன். எலும்பும் சதையைப் போலவே பழகும், ஆனால் மெதுவாக. புதிய சுமை விழும்போது பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுமாம். கரைந்தது கட்டி முடியாத அந்தச் சில வாரங்களில் பையன் பார்வைக்குத் தேறியிருப்பான், மூச்சு வாங்காது, நாமும் வேகத்தைக் கூட்டுவோம். விரிசல் விழுவது அப்போதுதான். முதல் இரண்டு மூன்று வாரம் அது எக்ஸ்ரேயில்கூடப் பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, நடிக்கிறான்' என்று நாம் முடிவு கட்டும் இடம் இதுதான். கால் முழுக்கத் தடவிக் காட்டுகிறவனுக்குத் தசைவலியாக இருக்கலாம். ஒரே புள்ளியில் விரல் வைக்கிறவனையும், அந்த ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறவனையும் அன்றே டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

இன்று உங்கள் வேலை என் வேலையைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். 2022இல் அக்னிபத், நாலு வருடத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் திட்டம், வந்த பிறகு பயிற்சி 31 வாரம். நாலு வருடம் முடிந்தால் நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேருக்குத்தான் நிரந்தர இடம். பதினேழரை வயதில் வருகிற பையனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சிக் ரிப்போர்ட் போட்டால் (உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனால்) பின்தங்கிவிடுவோம், ரெலிகேட் ஆவோம், அடுத்த பேட்சுக்குத் தள்ளப்படுவோம் என்று பயந்து வலியை மறைக்கிறான். அதற்கு முன்பே, ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முழு மதிப்பெண் வாங்க, மாதக்கணக்கில் தார் ரோட்டில் தேய்ந்த ஷூவோடு ஓடியிருப்பான். நம்மிடம் வரும்போதே பலருக்குக் கால் பாதி களைத்திருக்கிறது. நம் மலையிலோ எங்கே ஓடினாலும் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். சிமெண்ட் தரையில் குதிகாலை ஓங்கி அடிக்கும் டிரில் வேறு.

பயிற்சியை மென்மையாக்கச் சொல்லவில்லை. டிரில் வேண்டும், கண்டிப்பும் வேண்டும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன் வீரர்கள் 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த மாதிரி இடத்துக்குப் போகப்போகிறவனைத் தயார் செய்வது விளையாட்டு இல்லை. அதனால்தான் அவன் முழுக் காலோடு பட்டாலியனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறேன். ஐந்தாவது வாரத்தில் 10 நாள் எக்ஸ்கியூஸ் பி.டி. (உடற்பயிற்சியிலிருந்து விலக்கு) கொடுத்தால் ஒரு சிப்பாய் மிஞ்சுவான்.

மொழி விஷயமும் சொல்லிவிடுகிறேன். கட்டளை ஹிந்தியில் இருக்கட்டும், பையன்கள் கற்றுக்கொள்ளட்டும், அது அவர்களுக்குப் பின்னால் உதவும். ஆனால் 1758இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் இன்றும் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'தான். எதிரியைப் பார்த்து நம் மொழியில் கத்தலாம் என்றால், உஸ்தாதிடம் வலிக்கிறது என்றும் நம் மொழியில் சொல்லலாம். தமிழோ மலையாளமோ தெலுங்கோ கன்னடமோ, உங்களுக்குத் தெரியாவிட்டால் பக்கத்துக் கட்டில் பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் பேரக்கில் (பையன்கள் தங்கும் கூடத்தில்) பூட்ஸைக் கழற்றச் சொல்லி, கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவன் காலையும் பாருங்கள். எலும்பில் மேலிருந்து கீழாக விரலால் அழுத்திப் பாருங்கள். நாற்பது பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் குரலை உயர்த்தாதீர்கள்.

அன்புடன்,
பழைய உஸ்தாத் ஒருவன்,
குன்னூர்