கறுப்பு எள் பொன்னிறமாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த எள்ளுப் பொடி சமையல் குறிப்பில், ‘2 தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கறுப்பு எள்ளைப் பொன்னிறமாகும் வரை வறுக்கவும்’ என்று இருந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு சமையற்கட்டுக்குள் நுழைந்தவன் நான்; அச்சில் வந்தால் அப்படியே நம்பிவிடுகிறவன். கறுப்பு பொன்னாகும் என்று அடுப்பின் முன் காத்து நின்றேன். புகைதான் வந்தது. ஒரு சிட்டிகை வாயில் போட்டால் வேப்பங்காய்க் கசப்பு. கால் கிலோ எள்ளும் குப்பைக்குப் போனது. வாணலியில் வெடிக்க வேண்டிய எள், கொள்ளையும் சேர்த்துக்கொண்டு என் மனைவியின் முகத்தில் வெடித்தது.

பிறகு அவரே கற்றுக்கொடுத்தார். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். எள் நெய் என்பதுதானே எண்ணெய் ஆயிற்று? அதன் தலையில் மேலும் எண்ணெய் எதற்கு! வெறும் வாணலி போதும். எள்ளை முதலில் தண்ணீரில் அலசி அரித்தெடுக்க வேண்டும். மணல் அடியில் தங்கிவிடும். (இதைத் தங்கள் குறிப்பு சொல்லவே இல்லை. அரிக்காத எள்ளை நான் ஒருமுறை தின்றிருக்கிறேன், பல் கூசுகிறது.) துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, சிறு தீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். கறுப்பு எள்ளுக்குக் கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும். படபடவென்று பொரியும் சத்தம் எழுந்து, அடங்கத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும். இரண்டு எள்ளை விரல்களுக்கிடையே நசுக்கினால் நொறுங்கி மணக்கும். என்னைப் போல் காது மந்தமானவர்கள் பத்துப் பதினைந்து வெள்ளை எள்ளைக் கூடவே போட்டு வறுக்கலாம். அவை பொன்னிறமாகும், அந்த அளவில் தங்கள் குறிப்பு சரி.

அடுப்பை அணைத்துவிட்டு எள்ளை வாணலியிலேயே விட்டால், அந்தச் சூட்டிலேயே கருகும். உடனே தட்டில் கொட்ட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால்தான் பொடி கிடைக்கும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். மூலையில் பொடி எழுத்தில் போட்டால், தவறு என்னுடையது அல்ல என்பதை வீட்டில் நிரூபிக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்