சி.ஏ.125 இயல்பு என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் பக்கத்தில் வந்த சினைப்பைப் புற்றுநோய்க் கட்டுரை, சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிட்டது பெரிய குறை. மதுரையில் திசு ஆய்வகம் ஒன்றில் 22 ஆண்டுகளாகச் சிலைடு தயாரித்து வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு 58 வயதில், மாதவிலக்கு நின்று ஏழு ஆண்டு கழித்து, மறுபடி உதிரப்போக்கு கண்டது. "உடம்பில் தெம்பு இருக்கிறது, அதுதான்" என்றார்கள் உறவுக்காரர்கள். சி.ஏ.125 இயல்பாக வந்ததும் வீடே நிம்மதியானது. எட்டு மாதம் போயிற்று. அதன் பிறகுதான் ஸ்கேனில் கட்டி தெரிந்தது.

கிரானுலோசா செல் கட்டி. கருமுட்டையைச் சூழ்ந்திருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் செல்களில் தோன்றுவது. கட்டியான பிறகும் பெரும்பாலும் அவை சுரப்பதை விடுவதில்லை; கருப்பையின் உட்சுவர் தடித்து உதிரம் போகிறது. சி.ஏ.125 உயராமலே இருக்கலாம். இன்ஹிபின், ஏ.எம்.எச். ஆகிய ஹார்மோன்களே இதைக் காட்டிக்கொடுப்பவை.

தீக்கோமா என்ற இன்னொரு கட்டியா என்று சந்தேகம் வந்தால், டாக்டர் ரெட்டிகுலின் சாயம் கேட்பார்; திசுவின் மெல்லிய இழைகளைக் கருப்பாகக் காட்டும் வெள்ளிச் சாயம் அது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கலங்கியது தெளியும் நொடியில் நிறுத்த வேண்டும், கூடினால் சாயம் சரியாகப் பிடிக்காது. பெரியம்மாவின் சிலைடுக்கும் நானே சாயமேற்றினேன். செல்களைத் தாங்கும் கொலாஜன் இழைகள் கரிக்கோடாக எழுந்து வந்தன. தீக்கோமாவாக இருந்தால் ஒவ்வொரு செல்லையும் இழை சுற்றியிருக்கும். இங்கோ கூட்டம் கூட்டமாகச் செல்கள், வெளியே மட்டும் வேலி, உள்ளே ஓர் இழைகூட இல்லை.

நலமான சினைப்பையிலும் இந்தச் செல்கள் இப்படித்தான் வேலிக்குள் வாழ்கின்றன. மாத நடுவில் எல்.எச். ஹார்மோன் பொங்கும்போது, நொதிகள் அந்த வேலிச் சுவரின் கொலாஜனைக் கரைக்க, முட்டை வெளியேறுகிறது. புற்றாக மாறியும் செல்கள் பிறந்த வீட்டு அமைப்பை விடவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பெரியவர்களுக்கு வரும் இவ்வகைக் கட்டிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஃபாக்ஸ்எல்2 மரபணுவில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருப்பதைக் கனடா ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள்.

பெரியம்மா இப்போது நலம். இருபது ஆண்டு கழித்தும் இது திரும்பக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஹிபின் பார்க்கிறோம்.

அடுத்த கட்டுரையில் தயவுசெய்து எழுதுங்கள்: நின்ற உதிரம் ஒரு துளி திரும்பினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும், கையில் சி.ஏ.125 இயல்பு என்ற சீட்டு இருந்தாலும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் ஒருவர்,
மதுரை.