முகம் சுளிக்காமல் வாசிக்க: வாசகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அறிக்கை ஆண்டில் நம் சங்கம் 11 மாதக் கூட்டங்களையும் 4 செயற்குழுக் கூட்டங்களையும் நடத்தியது. புதிதாக 9 பேர் சேர்ந்தனர்; இடம் மாறிச் சென்றதால் 2 பேர் விலகினர். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது வீட்டு வாசிப்புப் பட்டியல்தான். அதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

ஆபாசமும் கொச்சைப் பேச்சும் கொடூர வர்ணனையும் இல்லாத கதைகளைத் தேடும் வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் அந்தப் பட்டியலைத் தொடங்கினோம். முதல் பட்டியலில் 40 நூல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நல்ல நூல்' என்று இரண்டே சொற்கள். அது எவ்வளவு போதாது என்பது மூன்றாம் மாதத்தில் தெரிந்தது.

நம் உறுப்பினர் ஒருவரின் தந்தைக்குப் பார்வை மங்கிவிட்டது. இரவில் சாப்பாடு முடிந்ததும் மகள்தான் அவருக்குக் கதை வாசித்துக் காட்டுவார். நம் பட்டியலைப் பார்த்து ஒரு நாவலை எடுத்துப் போனார். பதினான்கு இரவுகள் நன்றாகவே போயின. பதினைந்தாம் இரவு, ஒரு பத்தியின் நடுவே அவர் குரல் நின்றுவிட்டது. கண் அடுத்த வரிகளில் ஓடுகிறது, வாய் வரவில்லை. "என்னம்மா, விளக்கு போய்விட்டதா?" என்று தந்தை கேட்டிருக்கிறார். "இல்லையப்பா, தூக்கம் வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். அந்த நாளை வரவேயில்லை. அந்தக் கதை என்ன ஆயிற்று என்று தந்தை இரண்டு முறை கேட்டுவிட்டு, அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாராம்.

அந்த நாவலைப் பரிந்துரைத்தவன் நான். பாதிவரை படித்து, நடையில் மயங்கி, மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மையார் நடந்ததைச் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இந்தப் பொதுக்குழுவின் முன்னிலையில் அவரிடமும் அவர் தந்தையாரிடமும் மீண்டும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்றே பட்டியலைத் திரும்பப் பெற்றோம். கடைசிப் பக்கம்வரை படிக்காதவர் எந்த நூலையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. இளவயதில் படித்ததை நம்பியும் பரிந்துரைக்கக் கூடாது. ஒருமுறை திரும்பப் படித்தாக வேண்டும். பிடித்த இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுவது நினைவின் இயல்பு. ஐந்து மாதம் உட்கார்ந்து 40 நூல்களையும் மறுபடி படித்தோம். 31 நூல்கள் பட்டியலுக்குத் திரும்பின.

இதற்கிடையே ஒரு யோசனை வந்தது. தகாத பக்கங்களின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டால் என்ன என்று சிலர் கேட்டனர். இதைச் செயற்குழு இரண்டு அமர்வுகளில் விவாதித்தது. இப்படிச் செய்தவர்கள் முன்பே உண்டு. இங்கிலாந்தில் ஹென்ரியட்டா பௌட்லர் என்ற பெண்மணி, 1807-இல் ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களை, குடும்பத்தில் வாய்விட்டு வாசிக்கத் தகாத வரிகளை நீக்கித் தம் பெயர் போடாமல் வெளியிட்டார். 1818-இல் வந்த விரிவான பதிப்பில் அவருடைய சகோதரர் தாமஸ் பௌட்லரின் பெயர் இருந்தது. 'மேக்பெத்' நாடகத்தில் லேடி மேக்பெத் தன் கையிலுள்ள இரத்தக் கறையைச் சபிக்கும் இடத்தில்கூட, சாபச்சொல்லை எடுத்துவிட்டு 'சிவந்த கறை' என்று மாற்றினார்கள். பின்னாளில் அந்தக் குடும்பப் பெயரே, நூலை வெட்டிச் சிதைப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லாகிவிட்டது. ஆனால் இந்த முயற்சிக்கு வித்திட்டவர் அவர்களுடைய தந்தை. பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டும்போது, வேண்டாத வரிகளைத் தடுமாறாமல் தாண்டிப் போய்விடுவாராம். எனக்கு அந்தத் தந்தையைப் பிடித்திருக்கிறது. வாசிப்பவர் தாண்டுவது அவருடைய உரிமை. நாம் தாளை ஒட்டினால், தாண்ட விரும்பாதவருக்கும் சேர்த்து ஒட்டியதாகிவிடும். தாண்ட வேண்டிய இடம் எங்கே வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் நம் உறுப்பினருக்கும் அந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது. யோசனை கைவிடப்பட்டது.

அதிலிருந்து பிறந்ததுதான் குறிப்புச் சீட்டு. நூலைப் படித்து முடித்தவர், அட்டையின் உட்புறம் ஒரு சீட்டு வைக்க வேண்டும். 'தூய்மையானது', 'நல்லது' என்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. கதையில் மரணம் உண்டா, வன்முறை உண்டா, குடி உண்டா, காதல் எந்த அளவுக்குச் சொல்லப்படுகிறது, எந்த அத்தியாயத்தில் என்று எழுதினால் போதும்.

எழுத ஆரம்பித்ததும் நமக்கே வியப்பாக இருந்தது. ஜூல் வெர்னின் 'எண்பது நாட்களில் உலகப் பயணம்' (1873) சிறுவர்க்கான விறுவிறுப்பான கதை என்றுதான் எல்லோரும் சொன்னோம். சீட்டு எழுதியவர், உடன்கட்டை ஏற்ற இழுத்துச் செல்லப்படும் இளம் விதவையைக் காப்பாற்றும் காட்சியையும், வேலைக்காரனுக்கு அபின் கொடுத்து மயக்கும் காட்சியையும் குறித்திருந்தார். எல்.எம். மான்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' (1908) நூலில், பழரசம் என்று நினைத்துச் சிறுமி தன் தோழிக்கு மதுவைக் கொடுத்துவிடுகிறாள். வேடிக்கையான இடம்தான். ஆனால் முடிவை நெருங்கும்போது, அவளை வளர்த்த மாத்யூ இறந்துபோகிறார். அண்மையில் தந்தையை இழந்த ஒரு பிள்ளையின் கையில் இதைக் கொடுக்கும் முன் பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

டெட்சுகோ குரோயானகியின் 'டோட்டோ-சான்' (1981) குறித்துத்தான் அதிகம் பேசினோம். ஜப்பானியச் சிறுமி டோட்டோ-சான் படிக்கும் பள்ளியில் பிள்ளைகள் உடையில்லாமல் நீச்சல்குளத்தில் விளையாடுகிறார்கள். உடல்குறை உள்ள பிள்ளையும் தன் உடலைப் பற்றிக் கூச்சப்படக் கூடாது என்பது தலைமையாசிரியரின் எண்ணம். போலியோவால் பாதிக்கப்பட்ட தோழனை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தைக் கூட்டத்தில் வாசித்தபோது அரங்கில் பேச்சு மூச்சில்லை. இந்நூல் பட்டியலில் வேண்டுமா என்று கேட்டவர்களும் இருந்தனர். வேண்டும் என்று முடிவாயிற்று. நீச்சல்குளம், அந்தத் தோழனின் மரணம், குண்டுவீச்சில் பள்ளி எரிவது மூன்றும் சீட்டில் உள்ளன. கண்ணியமான கதை என்றால் துயரம் இல்லாத கதை என்று பொருளல்ல. இந்த ஆண்டு எனக்கு அழுத்தமாகப் புரிந்தது இதுதான்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பற்றி எவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஐந்து பாகங்களையும் மீண்டும் படித்து முடித்த உறுப்பினருக்குச் சங்கத்தின் நன்றி. சதியும் கொலையும் இருந்தும் வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசிக்க முடிகிறது என்று அவர் எழுதியிருக்கிறார்.

துப்பறியும் கதைகளில் மட்டும் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. கொலை நடக்கிற கதை எப்படிக் கண்ணியமானதாகும் என்பது ஒரு தரப்பு. கொலையை ரசிக்க வைப்பதும், கொலையாளியைக் கண்டுபிடிக்க வைப்பதும் வேறு வேறு என்பது மறு தரப்பு. நான் இரண்டாம் தரப்பில் இருக்கிறேன். ஆனாலும் இது பொதுக்குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

இளைய உறுப்பினர்கள், தங்களுக்கு எது ஏற்றது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிப்பதாக வருத்தப்பட்டனர். நியாயமான வருத்தம். வரும் ஆண்டில் சீட்டு எழுதும் குழுவில் அவர்களில் மூவரைச் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. புதிய தமிழ் நூல்கள் பட்டியலில் மிகக் குறைவு என்ற குறையையும் அவர்கள்தான் தீர்க்க வேண்டும்.

இடம் தந்தவர்களுக்கும், நூல்களை நன்கொடையாக அளித்தவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்துவைத்த நண்பர்களுக்கும் நன்றி. அட்டை கிழிந்த 6 நூல்கள் கட்டுக்கட்டப் போயிருக்கின்றன.

நான் பரிந்துரைத்த அந்த நாவலை முழுவதும் படித்து முடித்துவிட்டேன். அதன் சீட்டையும் எழுதிவிட்டேன்: 22-ஆம் அத்தியாயத்தில் மூன்று பக்கங்களைத் தாண்டினாலும் கதை அறுபடாது. அம்மையார் போன வாரம் நூலை மறுபடி எடுத்துச் சென்றிருக்கிறார்.

செயலாளர்