டோஃபுவும் கத்தரிக்காயும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கீழக்கரை,
மே மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை அளவு குறைந்திருப்பதாக நீ எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால், சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவைப் பன்னீரைப் போலவே துண்டுபோட்டுக் குழம்பில் இட்டுவிட்டு, சுண்ணாம்புக் கட்டியைத் தின்றதுபோல் இருந்தது என்று அதன்மேல் பழி போட்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன். பன்னீரில் பால் கொழுப்பு இருப்பதால் அது தனியாகவே ருசிக்கும். டோஃபுவிலோ பெரும்பகுதி நீர். அந்த நீரை வெளியேற்றாதவரை எந்த மசாலாவும் அதில் ஒட்டாது.

இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. தம்பியின் விசைப்படகைக் கரையேற்றிப் பலகை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாட்டுப்படகில் வரும் மீன் கரையிலேயே ஏலம் போய்விடுவதால், சந்தைக்கு வந்து சேரும் கொஞ்ச மீனின் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. ஆகவே எங்கள் அடுப்பில் இப்போது டோஃபுவும் கத்தரிக்காயும் அடிக்கடி சேர்ந்து வேகின்றன. மீனுக்குப் பதில் இது என்று சொல்லிப் பரிமாறினால் என் வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள் என்பதால், கத்தரிக்காய் வறுவல் என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

கெட்டியான டோஃபுவாகப் பார்த்து வாங்கு. மிருதுவான வகை வாணலியில் உடைந்து கூழாகிவிடும். சுத்தமான துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டும் தட்டின்மேல் அம்மிக் குழவியும் வைத்து அரை மணி நேரம் விட்டால், துணி முழுவதும் நனைந்திருக்கும். பிறகு விரல் கனத்துக்குத் துண்டுபோட்டு, சோள மாவைத் தூவிப் புரட்டி, காய்ந்த எண்ணெயில் இட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிடு. அடிப்பக்கம் பொன்னிறமாகும்போது துண்டு தானாகவே சட்டியைவிட்டு விலகும். அதற்குமுன் கிளறினால் மேல்தோல் பிய்ந்து சட்டியிலேயே தங்கிவிடும்.

கத்தரிக்காயின் சதையில் காற்றறைகள் நிறைந்திருப்பதால் பச்சையாகப் போட்டால் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். நம் வழக்கப்படி நறுக்கித் தண்ணீரில் போடாமல், உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்தோ, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தோ எடுத்தால், அந்த அறைகள் அமுங்கிப் பாதி எண்ணெய் மிச்சமாகும். நான் ஆவியில் வைப்பதையே விரும்புகிறேன். உப்பு கூடிவிடுமோ என்ற கவலை இல்லை.

பிறகு நடப்பதெல்லாம் சில நிமிட வேலைதான். அதே சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, கிள்ளிய முண்டு மிளகாய் (நம் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்), நசுக்கிய பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம் என்று வரிசையாக வதக்கி, கத்தரிக்காயைச் சேர்த்து, சோயா சாஸும் அரைச் சிட்டிகை கருப்பட்டித் தூளும் போட்டு, கடைசியில் டோஃபுவை இட்டு இரண்டு முறை புரட்டி இறக்கிவிடு. சோயா சாஸிலேயே உப்பு மிகுதி என்பதால் தனியாக உப்புப் போடாதே. வாசனைக்காக மேலே ஊற்றவென்று தனி எண்ணெய் விற்கிறார்கள். செக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தை நீ பார்த்திருக்கிறாய். உப்பை வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு மிகுந்திருக்கும். சோயாப்பாலைத் திரிப்பதற்கு ஜப்பானியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் நிகாரி என்ற உப்பு இதுபோன்ற கடல்நீர்க் கசப்பு நீரிலிருந்து எடுப்பதுதான். அவ்வளவு தூரத்துப் பண்டத்துக்கும் கடல் உப்புக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்காக உப்பளத்து நீரை அள்ளிவந்து நீயே திரித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதே. சமையலுக்கென்று சுத்தப்படுத்தியதைத்தான் பயன்படுத்தவேண்டும்.

நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூரில் உள்ளவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். இந்த வருடத்துக் காய் நன்றாகக் காய்ந்து வந்திருப்பதால் உனக்கு ஒரு கிலோ அனுப்புகிறேன். காம்பைக் கிள்ளாமல் மூடிவைத்துக்கொள். தங்கச்சியிடம் சொல்லி இன்னொரு கட்டி டோஃபு வாங்கி, இந்த முறைப்படி சமைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்