செயலாளர் ஆண்டறிக்கை: கடலுக்கடியில் படமெடுக்க ரிசார்ட் பார்த்த கதை

நம் புகைப்படச் சங்கத்தின் மூத்தோருக்கும் உறுப்பினர்களுக்கும் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. சேலம் மூக்கனேரியில் விடியற்காலைப் பறவை நடை இரண்டு முறை நடந்தது. மாம்பழ சீசனில் மண்டியில் எடுத்த படங்களும் ஏற்காட்டில் மார்கழி மூடுபனியில் எடுத்த படங்களும் சங்க அறையில் மாட்டியிருக்கின்றன, பார்க்காதவர்கள் பாருங்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி கடல் பயணம். அந்தமான் படங்களை மாட்டிய நாளிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "எந்த ரிசார்ட்டுங்க, எப்படிப் பிடிச்சீங்க?" அடுத்த ஆண்டு இரண்டாவது குழு போகப்போகிறது. அதனால் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் நான்கு பேர் சொந்த ஏற்பாட்டில் ஓர் இடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். அறை அருமை, ஜன்னலைத் திறந்தால் கடல், காலையில் பதினைந்து வகைப் பலகாரம். ஆனால் டைவிங்கை அவர்கள் நடத்தவில்லை, வெளியே யாருக்கோ கைமாற்றி விட்டிருந்தார்கள் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. படகிலிருந்து வந்ததும் கேமராவை முக்கி அலச ஒரே ஒரு தொட்டி. அதில்தான் எல்லோருடைய வெட்சூட்டும், மணல் ஒட்டிய காலுறையும் கிடந்தன. இரண்டாம் நாள் நம் உறுப்பினர் ஒருவரின் ஹவுசிங்குக்குள், அதாவது கேமராவை வைத்து மூடும் நீர்புகாப் பெட்டிக்குள், தண்ணீர் போய்விட்டது. திறந்து பார்த்தால் ஓ-ரிங்கில் ஒரே ஒரு மணல். கடுகில் பாதிகூட இருக்காது. அந்த ரப்பர் வளையம் முழுச் சுற்றும் சீராக அமுங்கினால்தான் தண்ணீரைத் தடுக்கும், நடுவில் ஒரு மணலோ ஒரு தலைமுடியோ படுத்தால் அந்த இடத்தில் வழி கிடைத்துவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம், அந்தச் சின்ன வழி அதற்குப் போதும். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி வாங்கிய கேமரா அது. அன்று இரவு அவர் சாப்பிடவே இல்லை, எங்களுக்கும் இறங்கவில்லை.

கைடும் அப்படித்தான். எட்டுப் பேரை ஒன்றாக இறக்கினார், அதில் மூன்று பேர் முதல் தடவை இறங்குகிறவர்கள். ஒரு மீனுக்காக நான் நின்றால் சிலிண்டரைத் தட்டித் தட்டி 'வா, வா' என்று சைகை. அவர் மேலும் தப்பில்லை, மூன்று புதியவர்களை வைத்துக்கொண்டு அவர் எப்படி நிற்க முடியும்? குழுவைப் பிரித்து விட்டிருக்க வேண்டியது நிர்வாகம்.

ஆகவே இந்த முறை அறையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பது என்று செயற்குழுவில் முடிவு செய்தோம். ஈரக் கேமரா எங்கே போகும், கைடு நிற்பாரா, இந்த இரண்டுக்கும் பதில் சரியாக வந்தால் மேலே பேசலாம்.

முதலில் ஊர் எது என்பதில்தான் பெரிய வாக்குவாதம். மூத்தவர் ஒருவர் இந்தோனேசியாவின் லெம்பே ஜலசந்தி என்றார். சின்னச் சின்ன விசித்திர உயிர்களை நெருக்கத்தில் எடுக்க உலகமே அங்கேதான் போகிறது, கறுப்பு எரிமலை மணலில் தேடித் தேடிக் காட்டுவார்கள். ஆனால் முதல் குழுவுக்கு அந்தச் செலவு தாங்காது. மாலத்தீவும் அதே காரணத்தால் தள்ளிப்போனது. திருகோணமலை எனக்கு ஆசைதான், ஆனால் இலங்கையின் கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல கடல், எங்களில் ஆசிரியர்களுக்கு அப்போது விடுமுறை ஒத்துவரவில்லை. லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், நாள் பிடிக்கும். கர்நாடகத்தில் முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணித் தீவு கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் காலையில் படகேறிப் போய் டைவ் முடித்துக் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரே மீனிடம் மறுபடி மறுபடி போய் நிற்க நினைப்பவர்களுக்கு அது பற்றாது. கடைசியில் அந்தமானின் ஸ்வராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக், என்று முடிவாயிற்று. நாள் குறிக்கும்போது பஞ்சாங்கமும் பார்த்தோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் இழுக்கும். நடுவில் உள்ள நாட்களாகப் பார்த்துப் பதிவு செய்தோம்.

அப்புறம் போன் வேலை. ஒவ்வோர் இடமாக நானும் துணைச் செயலாளரும் பேசினோம். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால் பாதிப் பேச்சு தமிழிலேயே நடந்தது. "கேமராவுக்குத் தனித் தொட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டதற்கு ஓர் இடத்தில் "எல்லாம் இருக்கு சார், நீங்க வாங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். அந்தப் பெயரை அப்போதே அடித்துவிட்டேன். இன்னோர் இடத்தில் எடுத்த அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "தனித் தொட்டி இருக்கு சார். ஆனா தீவுல நல்ல தண்ணி கஷ்டம், நாளைக்கு ஒரு தடவைதான் மாத்துவோம். நீங்க ஒன்பது பேரும் கேமராவோட வர்றதா இருந்தா மத்தியானம் இன்னொரு தடவை மாத்தச் சொல்றேன்." இல்லாததை இல்லை என்று சொல்கிறவர் இருப்பதைச் சரியாக வைத்திருப்பார். அன்று மாலையே தொட்டியையும் பக்கத்து மேசையையும் படமெடுத்து அனுப்பினார். அங்கேதான் போனோம்.

மேசை என்று சொன்னேனே, அது சாதாரண விஷயம் இல்லை. ஹவுசிங்கைத் திறந்து மூட, ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து கொஞ்சமாக சிலிக்கோன் கிரீஸ் தடவ, வெளிச்சமான, காற்றில் மணல் பறக்காத ஓர் இடம் வேண்டும். கட்டில் மேல் வைத்துச் செய்தால் போர்வைப் பஞ்சு ஒட்டும். மேசையருகே எத்தனை பிளக் இருக்கிறது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, அது இரவு முழுக்க ஓடுமா என்பதையும் கேளுங்கள். ஒருவருக்குக் கேமரா, இரண்டு ஸ்ட்ரோப் (தண்ணீருக்குள் அடிக்கும் ஃபிளாஷ்), ஒரு டார்ச் என்று வைத்தாலே ஒன்பது பேருக்கு எவ்வளவு பேட்டரி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, மேசை ஏசி அறைக்குள் இருந்தால் கவனம் வேண்டும். குளிர்ந்த கேமராவை வெளியே புழுக்கத்தில் திறந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். வெளிக்காற்றில் மூடிய ஹவுசிங் கடல் குளிர்ச்சியில் உள்ளுக்குள் மூடுபனி கட்டுவதும் உண்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போட்டால் போதும்.

கைடு விஷயத்தில் "எத்தனை பேருக்கு ஒருவர்?" என்று கேட்டோம். நான்குக்கு ஒருவர் என்றார்கள், படமெடுப்பவர்கள் என்றதும் மூன்றாகக் குறைத்துத் தந்தார்கள். அதோடு, "போன வாரம் என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கைடிடமே போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார், எந்தப் பாறையின் எந்தப் பக்கம் என்பது வரைக்கும். தினமும் கண் திறந்து இறங்குகிற ஆள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

பாதுகாப்பு பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டுபோவார்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல இடம் முகம் சுளிக்காது. முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் இறக்கி, நாம் எப்படி மிதக்கிறோம் என்று பார்த்த பிறகே கேமராவைக் கையில் தருகிற இடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். எங்கள் ரிசார்ட்டில் அப்படித்தான் செய்தார்கள். எங்களில் ஒருவருக்குக் கால் தாழ்ந்து துடுப்பு பவளத்தில் படப் போயிற்று, அவருக்கு மட்டும் முதல் இரண்டு டைவுக்குக் கேமரா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு வருத்தம்தான், எனக்கு மனதுக்கு நிறைவாக இருந்தது. பவளம் பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோ மட்டுமே வளர்கிற உயிர். நம் ஒரு உதையில் ஒரு தலைமுறை உடைந்துவிடும். பவளமும் கடல் குதிரையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, அதாவது புலி இருக்கிற அதே அட்டவணை. உடைந்து கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. படகு நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடாமல் மிதவையில் கட்டுகிறார்களா என்பதும் என் பட்டியலில் உண்டு.

போவதற்கு முன் வாழப்பாடி பக்கம் நம் உறுப்பினர் தோட்டத்துக் கிணற்றில் மூன்று ஞாயிறு பயிற்சி எடுத்தோம். முதலில் ஹவுசிங்குக்குள் கேமரா இல்லாமல், டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைப்பது. பேப்பர் நனையாமல் இருந்தால்தான் கேமரா உள்ளே போகும். பிறகு கிணற்றுப் படியில் எவர்சில்வர் டம்ளரை வைத்து அதைப் படமெடுப்பது. கை நீட்டினால் டம்ளர் எட்டாது, ஏனென்றால் தண்ணீருக்குள் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள் கால் பங்கு கிட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் கலங்கல். ஸ்ட்ரோபை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து அடித்தபோது படம் முழுக்கத் தூசி வெள்ளை வெள்ளையாக, மாவு தூவின மாதிரி. ஸ்ட்ரோபைத் தாங்கும் கையை அகலமாக விரித்து, ஒளி பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்ததும் டம்ளர் பளிச்சென்று வந்தது. இதைக் கடலில் போய்க் கற்றிருந்தால் இரண்டு நாள் வீணாகியிருக்கும்.

ஸ்கூபா டைவிங்கின் ஆரம்பப் பாடமான ஓப்பன் வாட்டர் சான்றிதழை நம் ஆட்கள் ஐந்து பேர் புதுச்சேரியில் முடித்தார்கள். அதில் இரண்டு பேர் ஏற்காட்டுக்காரர்கள். காலையில் டைவ் முடித்து, மாலை காரில் கிளம்பி, இரவே இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தார்கள். நல்லவேளை கேட்டார்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்து இருக்கும், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழியாகிவிட வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்த நாட்களில் பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது கணக்கு, மலை ஏறுவதற்கும் அதே பொறுமை வேண்டும். இருவரும் அன்று இரவு சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டில் தங்கி, மறுநாள் மாலைதான் மேலே போனார்கள். மலையில் வீடு உள்ளவர்கள் தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம், பிறகு கப்பல். லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டால் இறக்கி வைத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை டைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டு மீட்டரில் என் கைக்கடிகாரத்தின் சிவப்புப் பட்டை காய்ந்த ரத்தம் மாதிரி கறுத்துத் தெரிந்தது. தண்ணீர் முதலில் தின்பது சிவப்பைத்தான். கைடு ஒரு கடல் சாமந்தியைக் காட்டினார், பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற உயிர் அது. கோமாளி மீன் இரண்டு அதற்குள் புகுந்து புகுந்து வந்தன. நான் அதைத்தான் எடுக்கப் போனேன், அவர் விரலை அசைத்து, சாமந்தியின் அடிப்பாறையைக் காட்டினார். அங்கே முட்டைகள். அரிசியை நட்டு வைத்த மாதிரி நெருக்கமாக, ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளியாக இரண்டு கண். சின்ன மீன், அது ஆண், வாயால் ஊதியும் மார்புத் துடுப்பால் விசிறியும் முட்டைகளுக்குத் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து நிமிடம் அங்கேயே இருந்தோம். கைடு ஒரு தடவைகூட சிலிண்டரைத் தட்டவில்லை, என் காற்றளவை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரோப் அடித்ததும் திரையில் அந்த ஆரஞ்சு நிறம் வந்தபோது என் கண் நனைந்தது. சங்க அறையில் நடுவில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

குறையும் உண்டு. சாப்பாடு சுமார், அறையில் கொசு, குளிக்கிற தண்ணீர் சில நேரம் நூலாகத்தான் வந்தது. தொட்டியில் மத்தியானத் தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஓப்பன் வாட்டர் முடித்து, கேமரா இல்லாமல் குறைந்தது பத்து டைவாவது செய்திருக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. இதில் விதிவிலக்கு கேட்காதீர்கள். எழுதி வைத்துள்ள கேள்விப் பட்டியல் சங்க அறையில் உள்ளது, வேறு இடம் பார்ப்பவர்களும் நகல் எடுத்துக்கொள்ளலாம். கிணற்றுப் பயிற்சி தைப்பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கும். நீச்சல் தெரியாதவர்கள் சொல்லிவிடுங்கள், கயிறும் டியூபும் தயாராக வைக்கிறேன். எல்லோரும் ஒரு பக்கெட், ஒரு துண்டு, வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொண்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்