டிரஸ்ட் தொடங்க உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மும்பையில் தாராவி, செம்பூர் பக்கம் நம் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்து படிப்பு உதவிக்கு ஒரு டிரஸ்ட் தொடங்க நினைத்தால், தமிழ்நாட்டில் சொந்த ஊரில் தெரிந்த வக்கீலிடம் பத்திரம் எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். அது போதாது. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டப்படி சாரிட்டி கமிஷனர் (அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி) அலுவலகத்தில் பதிய வேண்டும், கணக்குத் தணிக்கை உண்டு, அப்புறம் பின்னாளில் டிரஸ்ட் இடத்தை விற்பதென்றால்கூட கமிஷனர் அனுமதி வேண்டும். அந்த அலுவலக நடைமுறையும் மராத்தியும் தெரிந்த வக்கீலாகப் பாருங்கள், தமிழ் பேசுவாரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம் (பேசினால் நல்லதுதான்). சரி, கட்டணம்? டிரஸ்டுக்கு வருமானவரி விலக்கு, நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை (12ஏ, 80ஜி என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள்) கேட்கும் விண்ணப்பங்களும் அதில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் இப்படிப்பட்ட வக்கீல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தால் பலருக்கு அலைச்சல் மிச்சம்.

– வாசகர், செம்பூர், மும்பை