'பிளேட் ரன்னர்' எங்களுக்கு எட்டாத படம் அல்ல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உளப்பகுப்பாய்வையும் விஞ்ஞானப் புனைகதைப் படங்களையும் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஆவலோடுதான் படிக்கத் தொடங்கினேன். இந்த விடயத்தைத் தமிழில் எழுத ஆள் கிடைப்பது அரிது. மூன்றாவது பத்திக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. தோட்டத்தில் நாட்கூலிக்குப் போராடும் ஒருவருக்கு 'எது நிஜம், நான் யார்' என்ற கேள்வியே எழாது, அது வயிறு நிறைந்தவர்களின் கேள்வி என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டார். தாங்களும் அதை அப்படியே அச்சேற்றிவிட்டீர்கள்.

கட்டுரையாளருக்கு இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகம் தெரியாமல் இருக்கலாம். தங்களுக்குத் தெரியும். 1947 தேர்தலில் வாக்களித்த எங்கள் பாட்டன் பாட்டிமாரை அடுத்த ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆக்கியது. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தது. அண்ணன் இந்த நாட்டுக்காரன், தம்பி அந்த நாட்டுக்காரன் என்று தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்துக்குள் கோடு விழுந்தது. 2003 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் வரைக்கும் இது இழுபட்டது. நான் யார் என்பதை என் ஞாபகம் சொல்லுமா, இன்னொருவர் கையில் இருக்கும் காகிதம் சொல்லுமா என்று மூன்று தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மக்களைப் பார்த்தா இந்தக் கேள்வி எழாது என்கிறீர்கள்?

ரிட்லி ஸ்கொட் 1982 இல் எடுத்த 'பிளேட் ரன்னர்' கேட்பதும் இதைத்தான். டைரல் என்பவனின் நிறுவனம் மனிதரைப் போலவே செயற்கை ஆட்களைச் செய்கிறது. அவர்களில் தப்பி வந்தவர்களை வேட்டையாடுபவன் டெக்கார்ட். அப்படிச் செய்யப்பட்ட ரேச்சல் என்ற பெண் தான் மனுஷி என்று நம்பியிருக்கிறாள். தாயோடு எடுத்த சிறுவயதுப் புகைப்படத்தைக் கொண்டுவந்து டெக்கார்டிடம் நீட்டுகிறாள். அவனோ, அவள் யாரிடமும் சொல்லாத சிலந்திக் கதையை அவளுக்கே சொல்லி, அந்த ஞாபகம் உன்னுடையது இல்லை, டைரலின் உடன்பிறந்தார் மகளுடையது என்கிறான்.

எங்கள் வாசிகசாலையில் இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். விளங்காத இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா பேத்தியோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். இந்தக் காட்சி வந்தபோது, "போட்டோவைக் காட்டியும் நம்ப மாட்டேங்கிறானே, பாவம் அந்தப் புள்ள" என்றார் சத்தமாக. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை கிடைக்காமல் வருடக்கணக்காக அலைந்தவர் அவர். ஒரு அலுவலகத்தில் தன் கல்யாணப் போட்டோவை எடுத்து நீட்டியபோது, அதெல்லாம் அத்தாட்சி ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படத்தின் நடு நரம்பை அவர் ஒரே வார்த்தையில் தொட்டார். தங்கள் கட்டுரை இரண்டு பக்கத்தில் அதன் பக்கத்திலேயே போகவில்லை.

ஏனென்றால் கட்டுரையாளர் செய்ததெல்லாம் பெயர் ஒட்டுகிற வேலை. தப்பி வந்த செயற்கை ஆட்களின் தலைவன் ரோய் பேட்டி என்றால் இட் (அடங்காத இச்சை), டெக்கார்ட் என்றால் ஈகோ (நிதானிக்கும் 'நான்'), டைரல் என்றால் சூப்பர் ஈகோ (உள்ளிருந்து கண்டிக்கும் மனசாட்சி), அவ்வளவுதான். உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த பிராய்ட் 1923 இல் இந்த மூன்றையும் பிரித்துச் சொன்னது ஒரே மனதுக்குள் நடக்கும் இழுபறியை விளக்குவதற்கு. ஆளுக்கு ஒரு பட்டம் சூட்டுவதற்கு அல்ல. வெறும் இச்சையே உருவானவன் ரோய் என்றால், கடைசியில் தன்னைக் கொல்ல வந்தவனையே விழாமல் பிடித்துத் தூக்குகிறானே, அது எந்த இச்சை? படைத்தவனின் கண்களை அழுத்தி அவன் கொல்லும் காட்சியையும் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. 1919 இல் பிராய்ட் எழுதிய, அச்சமூட்டும் பரிச்சயம் பற்றிய கட்டுரையில் கண்ணை இழக்கும் பயமும் வருகிறது, உயிருள்ளதா இல்லையா என்று மயங்க வைக்கும் பொம்மைப் பெண்ணும் வருகிறாள். இந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு என்ன வேண்டும்? ஞாபகத்தைப் பற்றியும் அவர் 1899 இலேயே எழுதியிருக்கிறார். சிறுவயது ஞாபகம் என்று நாம் பொத்தி வைத்திருப்பதில் பல, பிற்காலத்துத் தேவைக்காக மனம் கட்டியெழுப்பியவை என்கிறார். அப்படியென்றால் ரேச்சலுக்கும் நமக்கும் இடையே கட்டுரையாளர் இழுத்த கோடு அவ்வளவு நேரானது இல்லை.

பிழை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1956 இல் வந்த 'ஃபோர்பிடன் பிளானட்' படத்தில் விண்கலத்தில் வந்தவர்களைத் தாக்கும் பிசாசு அந்தக் கிரகத்தின் மிருகம் என்று அச்சாகியிருக்கிறது. இல்லை. அது அங்கே வாழும் விஞ்ஞானி டொக்டர் மோர்பியஸின் சொந்த இட்டில் இருந்து கிளம்புவது. எண்ணத்தை அப்படியே பொருளாக்கும் இயந்திரத்தைக் கட்டிய, அந்தக் கிரகத்தில் முன்பு வாழ்ந்த கிரெல் இனம், தங்கள் அடிமனதில் என்ன கிடக்கிறது என்பதை மறந்துபோனதால் ஒரே இரவில் அழிந்தது என்பதுதான் கதை. படத்தில் அதை வாய்விட்டே சொல்கிறார்கள். உளப்பகுப்பாய்வு பற்றிய கட்டுரையில் இந்தப் பிழை வரலாமா?

தார்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' (1972) படத்துக்கு ஒரு பத்திகூட இல்லை. சொலாரிஸ் என்ற கிரகத்தை மூடிய, மனம் உள்ள கடல் ஒன்று, அதை ஆராய வந்த கெல்வினின் ஞாபகத்தில் இருந்து இறந்துபோன அவன் மனைவி ஹாரியைத் திரும்பச் செய்து அனுப்புகிறது. அவளை ரொக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அவள் மறுபடியும் வருகிறாள். நினைவுக்குக் கொண்டுவர மறுப்பதை மனிதன் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான் என்று பிராய்ட் 1914 இல் எழுதியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இதைப் பார்க்கலாம். அப்புறம் அந்த ஹாரி, தான் அசல் இல்லை என்று தெரிந்தும், இல்லை, நான் மனுஷியாகிக்கொண்டிருக்கிறேன் என்று வாதாடுகிறாள். அந்த இடத்தை என்னால் அழாமல் பார்க்க முடிந்ததே இல்லை.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை, பொதுவாக நுவரெலியா என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். பேச்சை மாற்றிக்கொள்வார்கள். சிலர் பெயரையே மாற்றிக்கொள்வார்கள். மற்றவர் எதிர்பார்ப்புக்கு வளைந்து வளைந்து ஒரு பொய்யான சுயம் எப்படி உருவாகிறது என்று உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகொட் 1960 இல் எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். ஆளுமைக் கோட்பாடு எங்களுக்கு அந்நியம் என்று யார் சொன்னது?

மனதில் பழைய குறைகளும் இருக்கின்றன. தங்கள் மலையகப் பக்கத்தில் மண்சரிவு வரும், பஸ் விபத்து வரும், தொழிற்சங்க அறிக்கை வரும். ஒரு சினிமா விமர்சனம், ஒரு புத்தக அறிமுகம் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தபோதும், கூடையைச் சுமந்துகொண்டு சிரிக்கும் பெண்ணின் படத்தைத்தான் முன்பக்கத்தில் போட்டீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று எழுத ஒரு பத்தி ஒதுக்கவில்லை. முன்பு 'இன்செப்ஷன்' படத்தைப் பற்றியும் கனவுகள் பற்றியும் விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். கனவு பற்றிய பகுதியை வெட்டிவிட்டு, ஹட்டன் வாசகி ஒருவர் பாராட்டியிருக்கிறார் என்ற அளவில் வெளியிட்டீர்கள். ஊர்ப் பெயர் வந்ததற்காக அக்கம்பக்கத்தில் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு இதழ் சில வாரம் எங்களுக்குத் திங்கட்கிழமைதான் வந்து சேர்கிறது. அதற்கும் காத்திருந்துதான் வாங்குகிறோம், ஐயா. எங்களையும் வாசகர்களாக நினைத்து எழுதுங்கள் என்று கேட்பது அதிகமா?

அந்தக் கட்டுரையை எங்கள் பிள்ளைகள் வெட்டிச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டியிருந்தார்கள். தோட்டத்து மக்களைப் பற்றிய அந்த வரியின் கீழே ஒரு மாணவி பென்சிலால் கோடு போட்டிருந்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் கோட்டோடு விட்டுவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

'ஃபோர்பிடன் பிளானட்' பற்றிய பிழைக்கு அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டாமல் போட இடம் இல்லையென்றால், வாசிகசாலையில் படம் பார்த்த அந்த அம்மாவைப் பற்றிய பத்தியையாவது முழுதாகப் போடுங்கள். சுவர்ப் பத்திரிகையில் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு எங்களுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.